துவைத்துக் கொடுத்த துணி

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். கார்த்திகை மாதம், இருட்டு சீக்கிரமே விழுந்துவிட்டது. ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு பேண்டேஜ் கம்பெனி. அதன் வாசலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மெயின் ரோட்டைப் பிடிக்க ஒரு கண்மாய்க்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் தென்னந்தோப்பு. கம்பங்கள் உண்டு… விளக்குகள் கிடையாது. அந்த ரோட்டில் ஒரு பெண் ஸ்கூட்டரில் தனியாக வந்துகொண்டிருக்கிறாள்.

பின்சீட்டில் யாரும் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது பின்சீட்டில் யாரும் இல்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை. கீழே கேட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாரே ஒரு அம்மா, அவர் யார் என்று கேட்டீர்கள். துணிக் குவியலில் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றுகூட எடுத்துக்கொள்ளாமல் ஏன் கீழே போய்விட்டார் என்று கேட்டீர்கள். அதைச் சொல்லத்தான் மாடி விளக்கை அணைத்தேன். அவர் காதில் விழக் கூடாது. பியூலா காதிலும் விழக் கூடாது. அவளும் துணி மாற்றத்தான் வருகிறாள், ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிய நேரமாகும், வந்துகொண்டுதான் இருப்பாள். அதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.

ஸ்கூட்டரில் வந்த பெண் மாரீஸ்வரி. இதோ இருக்கிறாளே பாண்டிசெல்வி, இவளுடைய அண்ணன் மனைவி. அண்ணன் தங்கப்பாண்டியன் பட்டாளத்தில். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வெள்ளத்தாயோடு மாரீஸ்வரி இருக்கிறாள். பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன்.

"நான் எதுவும் தப்பாச் சொன்னா நீயே திருத்திரு" என்று பாண்டிசெல்வியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"நீ சொல்லு. என்னால சொல்ல முடியாது" என்றாள் அவள்.

போன வருஷம் தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பாண்டிசெல்வி வீட்டில்தான் நாங்கள் முதன்முதலாகத் துணி மாற்றிக்கொண்டோம். பீரோவில் கிடந்து மடிப்புக் கலையாத சேலை, இறுகிப்போன சுடிதார், ஒரு தடவை கட்டிவிட்டு அலுத்துப்போனது… எல்லாவற்றையும் கொண்டுவந்து கூடத்தில் கொட்டுவது, பிடித்ததை எடுத்துக்கொள்வது. அன்றைக்கு நாங்கள் போட்ட சட்டம் இரண்டே இரண்டு. துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவர வேண்டும். எது யாருடையது என்று சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. அடுத்தவள் போட்டதைப் போடுகிறோமே என்று யாருக்கும் கூச்சம் வந்துவிடக் கூடாது என்றுதான் அந்த இரண்டாவது சட்டம். நல்ல எண்ணத்தில் போட்டதுதான்.

அந்தக் குவியலிலிருந்து மாரீஸ்வரி எடுத்தது ஒரு வெந்தய நிற டாப்ஸ். கடையில் வாங்கியது இல்லை, தைத்தது. வலது பக்கம் ஒரு பாக்கெட், போன் வைக்கிற அளவுக்கு ஆழமாக. இடுப்புப் பக்கம் கொஞ்சம் பிடித்தது. பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனாள். கம்பெனிக்குள் போனதும் மாற்றிவிட்டு யூனிபார்ம் போட வேண்டும். அதனால் அந்த டாப்ஸ் அவள் உடம்பில் இருந்தது போகிற வழியிலும் வருகிற வழியிலும் மட்டும்தான். காலையில் போகும்போது ஒன்றுமில்லை.

சாயங்காலம்… அந்தக் கண்மாய்க்கரை ரோட்டில்… ஒரு சின்னப் பாலம் வரும். பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின்பக்கம் கிறீச்சென்றது.

அவளுடைய வண்டி பழசு. யார் ஏறி உட்கார்ந்தாலும் ஒரு கிறீச். இறங்கினால் ஒரு கிறீச். தனியாக ஓட்டும்போது நடுவழியில் அந்தச் சத்தம் வராது.

டயரில் காற்று இல்லையோ என்று நினைத்தாள். வண்டி பின்னால் இழுத்தது. நிறுத்தி, இறங்கி, டயரை அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. மறுபடியும் ஏறி ஓட்டினாள். கண்மாய்ப் பக்கமிருந்து பச்சைத் தண்ணீர் வாடை. அதற்கு நடுவில் வேறொரு வாசம். ஜாதிக்காய். கல்லில் உரசி முகப்பருவுக்குப் போடுவார்களே, அந்த ஜாதிக்காய் வாசம். கொஞ்சம் பவுடர்… கொஞ்சம் வேர்வை.

அப்புறம் வலது தோளில் ஒரு சின்னப் பாரம். கை இல்லை. கை வைத்தால் விரல் தெரியும். இது… ஒரு மோவாய்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களாக இருந்தால் பார்த்திருப்பீர்களா? கண்ணாடியையும் பார்க்கவில்லை. மெயின் ரோட்டு லாரி வெளிச்சம் வருகிற வரைக்கும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். வெளிச்சத்திலும் அந்தப் பாரம் இறங்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். கிறீச். சாவியை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

கிறீச்.

வெள்ளத்தாய்க்குக் கண்ணில் புரை. காது மட்டும் கூர்மை. அடுப்படியிலிருந்து கேட்டாளாம், "ஏட்டி, கூட யாரு? ரெண்டு டம்ளருக்குக் காப்பி போடவா?"

மாரீஸ்வரி அந்த இரவு தூங்கவில்லை. மறுநாள் வேறு சுடிதார் போட்டுக்கொண்டு போனாள். ஒன்றும் வரவில்லை. பாலத்துப் பள்ளத்தில் வண்டி சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. தோள் காலியாக இருந்தது. பயம் விட்டதே என்று அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

அவள் பாண்டிசெல்வியிடம் சொன்னது வேறு. "வண்டி லேசா இருந்துச்சு மதினி. அவ்வளவு லேசா இருந்தது எனக்குத் தாங்கல."

ஒரு விஷயம் சொன்னால்தான் இது உங்களுக்குப் புரியும். கல்யாணமாகிப் பல வருஷம். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் எத்தனையோ ஆஸ்பத்திரி. ஒரே ஒரு தடவை நின்றது, அதுவும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. புருஷன் அப்போது எல்லையில். போனில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததில், இவள் அழுதது அவருக்குக் கேட்கவில்லை. "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அதைப் பற்றி அழவில்லை. அழுகை ஒரு தடவை தப்பான நேரத்தில் வந்துவிட்டால் பிறகு சரியான நேரம் வருவதே இல்லை.

மூன்றாம் நாள் அவள் மறுபடியும் அந்த வெந்தய நிற டாப்ஸைப் போட்டுக்கொண்டாள்.

அது பிறந்திருந்தால் இன்னும் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போகாத பிள்ளையாக இருக்கும். தோளில் மோவாய் வைக்கிற உயரம் வந்திருக்காது. இந்தப் பாரம் வளர்ந்த பிள்ளையின் பாரம். இதெல்லாம் மாரீஸ்வரிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்த விஷயத்தை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குடியிருக்க நமக்கு முடிகிறதே. அங்கே நமக்கென்று ஒரு பிள்ளை வளரலாம். நாம் பார்க்காத வருஷங்களில் அதுபாட்டுக்கு வளர்ந்து, பரு வந்து, ஜாதிக்காய் உரசிப் போட்டுக்கொண்டு, ஒரு நாள் சாயங்காலம் பின்சீட்டில் வந்து உட்காரலாம்.

ஒரு நாள் பள்ளம் நெருங்கும்போது அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"பள்ளம் வருது. பிடிச்சுக்கோ."

தோளில் பாரம் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

அன்றிலிருந்து அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். கம்பெனியில் யார் யாரோடு சண்டை, மதியம் கேண்டீனில் என்ன குழம்பு, சூப்பர்வைசர் என்ன சொன்னார்… எல்லாம். பதில் எதுவும் வராது. பாரம் மட்டும் இருக்கும். வீட்டு வாசலில் அவள் இறங்கிய பிறகு, படியில் நின்று அந்த இரண்டாவது கிறீச்சைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். அதற்கு மேல் எதுவும் வீட்டுக்குள் வராது. அவளும் கூப்பிட்டுப் பார்த்தாளாம். "உள்ள வா, தோசை ஊத்தித் தாரேன்." வரவில்லை.

டாப்ஸை அவள் துவைக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது. கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி வைப்பாள். மாமியாருக்கு அது பொறுக்கவில்லை.

"எத்தன நாளுட்டி ஒரே துணியப் போடுத? வாடை வருது."

"என்ன வாடை அத்த?"

"என்னமோ… ஜாதிக்கா மாதிரி."

மாரீஸ்வரிக்கு அதைக் கேட்டதும் ஒரு சந்தோஷம். தனக்கு மட்டும் இல்லை, அத்தைக்கும் தெரிகிறதே.

இடுப்புத் தையல் இறுக்கமாக இருந்ததைச் சொன்னேன் அல்லவா. தினமும் போட்டதில் அது அறுத்தது. தைத்த தையலைப் பிரித்துக் கொஞ்சம் தளர்த்த முடியுமா என்று பாண்டிசெல்வியிடம் கேட்டாள். பாண்டிசெல்விதான் சொன்னாள், "பஞ்சு மார்க்கெட் பக்கத்துல கனகலட்சுமி அக்கா கடை இருக்கு. நம்ம எல்லாருக்கும் அவுகதான் தைக்காக. போய்ப் பாரு."

"நான் அறிஞ்சு சொல்லல" என்றாள் பாண்டிசெல்வி இப்போது, இருட்டுக்குள்ளிருந்து.

அறியவில்லைதான். யாருக்குமே தெரியாது. எது யாருடையது என்று சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டது நாங்கள்தானே.

ஒரு சனிக்கிழமை வேலை விட்டதும் மாரீஸ்வரி வண்டியை ராஜபாளையத்துக்குள் திருப்பினாள். டாப்ஸ் உடம்பில். பாரம் தோளில். பஞ்சு மார்க்கெட் பக்கம் எவ்வளவு இரைச்சல் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டவுன் பஸ் ஹாரன், டீக்கடைப் பாட்டு. தையல் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். இறங்கினாள். கிறீச். கடைப் படியில் கால் வைத்தாள்.

கிறீச்.

உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டாவது சத்தத்துக்கு நின்றது.

கனகலட்சுமி அக்கா மாரீஸ்வரியை முதலில் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி வாசலில் நின்ற வண்டியைத்தான் பார்த்தார். காலியான பின்சீட்டை. வெகு நேரம். அதற்குப் பிறகுதான் கண் டாப்ஸுக்கு வந்தது.

"இது… எங்க எடுத்தம்மா?"

"துணி மாத்துனோம்லக்கா, அதுல. யாருதுன்னு தெரியல. இடுப்புல பிடிக்குது. பிரிச்சு விட முடியுமா?"

அக்கா எழுந்து வந்து பக்கத் தையலைத் தொட்டார். திருப்பிப் பார்க்காமலே சொன்னார்.

"உள்ள தாராளமாத் துணி விட்டுத்தான் தச்சிருக்கேன். வளருற பிள்ளைல்லா."

மாரீஸ்வரிக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

அக்கா அவள் தோளில் முகத்தை வைத்தார். வலது தோளில். அந்நியப் பெண்ணின் தோள் என்றே அவருக்கு நினைவில்லை. மூச்சை இழுத்தார். விடவில்லை. ரொம்ப நேரம் விடவில்லை.

"தொப்புனுதான் எறங்குவா" என்றார் பிறகு. "எத்தன தடவ சொல்லியிருக்கேன்… மெதுவா எறங்குட்டி, வண்டி பழசுன்னு."

அவர் மகள் பெயர் வெங்கடேஸ்வரி. காலேஜில் வெங்கி. அப்பா இல்லாத பிள்ளை, அம்மாவும் மகளும் மட்டும்தான். அதற்கு முந்தின வருஷம் ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நைட்டிக்கு மாறிக்கொண்டு, போட்டிருந்த டாப்ஸைக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சொல்லியிருக்கிறாள், "அம்மா, அதத் துவைச்சுராத. ஒரு நேரந்தான் போட்டேன். திங்கக்கிழமை காலேஜுக்குப் போட்டுக்கிடுதேன்." அந்தத் திங்கட்கிழமை அவள் இல்லை.

பிள்ளை சொன்னதை அம்மா தட்டவில்லை. ஒரு வருஷம் அந்த டாப்ஸ் கொக்கியிலேயே தொங்கியது. சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள், போனவள் துணியை வீட்டில் வைக்காதே, எரி, இல்லையென்றால் தண்ணீரில் விடு. அவருக்கு இரண்டும் முடியவில்லை. துணி மாற்றுகிறோம் என்று பாண்டிசெல்வி வந்து கூப்பிட்டபோது, யாராவது போட்டுக்கொண்டு நடமாடட்டும் என்று தோன்றியிருக்கிறது. துவைத்துக் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அவர் துவைக்கவில்லை. இஸ்திரி மட்டும் போட்டார். இஸ்திரிச் சூட்டில் ஜாதிக்காய் வாசம் எழுந்து அந்தச் சின்னக் கடையெல்லாம் நிறைந்ததாம். கடையைப் பூட்டிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாராம்.

கொடுத்த நாளிலிருந்து வீட்டில் ஒன்றும் இல்லை என்றார். அதுவரை சாயங்காலம் வண்டியை நிறுத்தி இறங்கினால் பின்னாலேயே ஒரு கிறீச் கேட்கும். ஒரு வருஷமாகக் கேட்டது. வண்டி பழசு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கொடுத்ததும் அது நின்றது. அன்றைக்குத்தான் தெரிந்தது, அது வண்டி இல்லை என்று.

"துணிய மட்டுந்தான் குடுக்கோம்னு நெனச்சேம்மா" என்றார் அக்கா.

 மாரீஸ்வரியின் கை டாப்ஸின் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"ஒரு நாளைக்குக் குடு தாயி. ஒரே ஒரு தடவ எங்கூட வண்டில வந்து எறங்கட்டும். பொறவு நீயே வச்சுக்க."

கடைக்குள் ஒரு திரை இருந்தது, அளவு பார்க்க. திரைக்குப் பின்னால் தைத்து முடித்த நைட்டிகள் தொங்கின. ஒன்றை வாங்கி மாற்றிக்கொண்டு அங்கேயே கழற்றிக் கொடுத்திருக்கலாம். அது மாரீஸ்வரிக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது.

"நாளைக்குக் கொண்டாறேன்க்கா" என்றாள்.

ஒரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை அந்தப் பாரத்தோடு வீடு வரைக்கும். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது.

அக்கா வாசலுக்கு வந்து நின்றார். வண்டி கிளம்பியது. பின்பக்கம் கிறீச்சென்றது. "மெதுவா ஓட்டும்மா" என்று சொன்னார், "பிள்ளை இருக்கா."

நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கலாம். மாரீஸ்வரி கண்மாய்க்கரை ரோட்டுக்குள் வண்டியை விட்டாள். கம்பெனி மூடிக் கிடக்கிறது, அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. பாலத்துக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தவளைச் சத்தம். தென்னை ஓலை உரசுகிற சத்தம். தோளில் அந்த மோவாய்.

"ஒம் பேரு வெங்கின்னு எனக்குத் தெரியாதுட்டி" என்று சொன்னாளாம். "நான் ஒனக்கு வேற பேரு வச்சிருந்தேன்."

என்ன பெயர் என்று பாண்டிசெல்வியிடமும் அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டாப்ஸைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். மாமியாரிடம் ஒரு வார்த்தை சொன்னாள், "இது இன்னொருத்தவுக துணி அத்த. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்." அவ்வளவுதான் சொன்னாள். துவைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையா, தோன்றியும் சொல்லவில்லையா… அதை அவள் இன்றைக்கு வரைக்கும் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

விடியற்காலையில் பின்கட்டில் குழாய்ச் சத்தம். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். முதலில் வெறும் வாளியில் விழுகிற மாதிரி கணீரென்று… அப்புறம் மெத்தென்று. துணியில் விழுகிறது.

மாரீஸ்வரிக்கு முழிப்பு வந்துவிட்டது. படுத்தபடியே கேட்டாள். எழுந்து ஓடியிருந்தால் ஒருவேளை ஒரு கையாவது, ஒரு தோளாவது நனையாமல் எடுத்திருக்கலாம். அவள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

வெள்ளத்தாயைக் குற்றம் சொல்ல முடியாது. நம் வீட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். "அடுத்தவுக துணிய அழுக்கோடயா திருப்பிக் குடுப்பாக? நம்மள என்ன நெனைப்பாக?" என்று சொல்லி, சோப்புத் தூளில் ஊற வைத்து, கல்லில் அடித்து, கடைசித் தண்ணீரில் துணிக்குப் போடுகிற வாசனைத் திரவத்தையும் ஒரு மூடி ஊற்றி அலசியிருக்கிறாள். மரியாதைக்குச் செய்தது. முழு மனதோடு செய்தது.

"அம்மாவுக்குத் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் நாங்க சொல்லல" என்றாள் பாண்டிசெல்வி. 

அன்று சாயங்காலம் மாரீஸ்வரி டாப்ஸை மடித்துப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். கனகலட்சுமி அக்கா அன்றைக்குக் கடை திறக்கவில்லை. வாசல் தெளித்து, வண்டியைத் துடைத்து, வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். பின்சீட்டில் ஒரு துண்டு விரித்திருந்தார். சுடாமல் இருக்கட்டும் என்று.

பையை வாங்கி டாப்ஸை வெளியே எடுத்தார். முகத்தில் வைத்தார்.

எடுத்தார். திருப்பினார். அக்குள் பக்கம் பார்த்தார். கழுத்துப் பட்டியை முகர்ந்தார். பாக்கெட்டை வெளியே இழுத்து, அதன் மூலையை முகர்ந்தார். உள்தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, அந்த மடிப்புக்குள் மூக்கை வைத்தார். தண்ணீர் போகாத இடம் ஒன்றாவது இருக்காதா.

தண்ணீர் எல்லா இடத்துக்கும் போயிருந்தது.

மாரீஸ்வரி அவர் அடிப்பார் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொன்னாள். அக்கா டாப்ஸை மடித்தார். சுருக்கமில்லாமல், கடையில் மடிக்கிற மாதிரி. மடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தவளிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"ரொம்பச் சுத்தமாத் துவைச்சிருக்கீகம்மா."

அன்று இரவு அந்தத் தெருவில் இருப்பவர்கள் பார்த்தார்கள். மகளுடைய டாப்ஸைப் போட்டுக்கொண்டு, அது முதுகில் பாதியைத்தான் மூடியிருந்தது, கனகலட்சுமி அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு சோழபுரம் ரோட்டில் போனார். திரும்பி வந்தார். வாசலில் நிறுத்தி இறங்கினார். ஒரு கிறீச். வாசல்படியில் காது கொடுத்து நின்றார். மறுபடியும் ஏறிப் போனார். திரும்பி வந்தார். ஒரு கிறீச். பெட்ரோல் தீர்கிற வரைக்கும்.

மாரீஸ்வரி இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். வண்டியை விற்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் எங்கே துணி மாற்றினாலும் அக்கா வந்துவிடுவார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து முகர்வார், வைப்பார். துவைத்துக் கொண்டுவா என்று நான் ஏன் இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை என்று கேட்டீர்களே… அதனால்தான். வாயில் அந்த வார்த்தை வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் விளக்கை அணைத்திருக்க வேண்டியதில்லை.

ஆடி மாதம் இதே வீட்டில் துணி மாற்றினோம். மாரீஸ்வரி வரவில்லை. ஒரு பையை மட்டும் பாண்டிசெல்வியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அதில் ஒரு பச்சைத் துப்பட்டா. பாண்டிசெல்வி குவியலில் போட்டாள். அக்கா அதையும் எடுத்து முகர்ந்தார், சோப்பு வாசம், வைத்துவிட்டார். பியூலாவுக்கு அதன் நிறம் பிடித்தது. அப்போதே கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

அவள் கிளம்பும்போது கேட் வரைக்கும் நானும் போனேன். அக்கா ஏற்கனவே கேட்டுப் பக்கத்தில் நின்றிருந்தார், ஆட்டோவுக்காக. பியூலா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவளுடையது புது வண்டி, போன சித்திரையில் வாங்கியது. சாவியைத் திருப்பினாள்.

கிறீச்.

பியூலா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் தாழ்கிற அளவுக்கு. காற்றே இல்லாத இரவில் துப்பட்டாவின் நுனி, வலது தோள் பக்கம், அப்படியே அழுந்திப் படிந்தது. அப்புறம் அந்த வாசம்… நான் வெங்கியைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஜாதிக்காய் வாசம் எனக்குத் தெரியும்.

அக்காவைப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு அடி எடுத்து வைத்தால் துப்பட்டாவைப் பிடித்துவிடலாம். கையைக்கூடத் தூக்கினார். பிறகு இறக்கிக்கொண்டார்.

"மெதுவா ஓட்டும்மா. பள்ளம் பாத்துப் போ" என்று மட்டும் சொன்னார்.

"சரிங்கக்கா" என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள். பின்விளக்கு தெரு முனையில் திரும்புகிற வரைக்கும் நாங்கள் நின்றோம்.

மறுநாள் பாண்டிசெல்வி போன் செய்து மாரீஸ்வரியிடம் கேட்டாள். அன்றைக்கு விடியற்காலையில் அந்த வாளியில் டாப்ஸோடு சேர்த்து வேறு எதையாவது அத்தை ஊற வைத்தார்களா என்று.  "என் பச்சைத் துப்பட்டா" என்றாள் மாரீஸ்வரி.

நான் அக்கா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். பியூலாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கே வாங்கித் தந்துவிடுகிறேன் என்றேன். அவர் தைத்துக்கொண்டே கேட்டார். நூலைப் பல்லால் அறுத்தார்.

"வேண்டாம்மா" என்றார். "கேட்டா… துவைச்சுக் குடுத்துருவாக."

அதனால்தான் பியூலாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அந்தத் துப்பட்டாவைத் தினமும் போடுகிறாளாம். வாசனையாக இருக்கிறது, துவைக்கவே மனசு வரவில்லை என்று போன வாரம்தான் சொன்னாள்.

அதோ… பேசாதீர்கள். தெரு முனையில் வெளிச்சம். பியூலாவின் வண்டிதான். கைப்பிடிச் சுவரை ஒட்டி வாருங்கள், சத்தமில்லாமல். கீழே பாருங்கள். அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

எஞ்சின் நின்றது.

கிறீச்… இது பியூலா இறங்கியது, ஆடியிலிருந்து அந்தப் புது வண்டியும் இப்படித்தான். பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்.

கையை நீட்டுகிறார், பார்த்தீர்களா… யாரோ பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குவதற்கு.